குறியீடு 98

ஸுக்திதியில் வேனைவிட்டு இறங்கும்போது மழை.
டேப்லெட்டைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டேன்.
நான் நனையலாம், தரவு நனையக் கூடாது,
அதுதான் திபிலிசி அலுவலகத்தின் முதல் பாடம்.

முப்பத்தெட்டாவது வீடு முர்த்தாஸ் ஷொனியாவுடையது.
இரண்டு ஹெக்டேரில் ஹேசல் கொட்டை.
கதவிடுக்கெல்லாம் ஈரத்துணி திணித்திருந்தது.
“பூச்சிக்காக” என்றார் அவர் மனைவி சித்சினோ.
அக்டோபர் பிறந்தால் ஃபரோசனா குடிவந்துவிடும்:
திரைச்சீலை மடிப்பில், தலையணை உறைக்குள்,
செத்துப்போன மாமனாரின் படத்துக்குப் பின்னால்.
முதுகில் கேடயம், அதனால் அந்தப் பெயர்.
நசுக்கினால் நாறும். நசுக்காவிட்டால் பெருகும்.

முதல் கேள்வி:
பூச்சிமருந்து என்றதும் உடனே நினைவுக்கு வரும் பெயர் எது?
முர்த்தாஸ் கூரையைப் பார்த்தார்.
“வங்கி” என்றார்.

பட்டியலில் அது இல்லை.
98 என்று அழுத்தினேன்.
98 என்றால் ‘தெரியாது’.

சென்ற பருவத்தில் எத்தனை முறை தெளித்தீர்கள்?
“நானா, பக்கத்துத் தோட்டக்காரனா, அரசாங்க வண்டியா?
காற்று ஒன்றுதானே, அம்மா.”
எண்ணை மட்டுமே ஏற்கும் கட்டம் அது.
ஏழு என்று போட்டேன்.
ஏன் ஏழு என்று எனக்கும் 98.

எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?
எழுந்து போனவர்
ஒரு கை கொட்டையோடு வந்து
என் முன்னால் சுத்தியலால் உடைத்தார்.
பத்தில் ஏழு பதர்.
மிஞ்சிய மூன்றில் ஒன்றை எனக்குத் தந்தார்.
மென்றேன். கசப்பு பல்லிடுக்கில் தங்கியது.
“இப்போது நீயே போடு.”

சித்சினோ அதுவரை கோமி கிளறிக்கொண்டிருந்தார்.
அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை;
வாங்கும் முடிவை எடுப்பவரே பதில் சொல்பவர்
என்பது மாதிரித் திட்டம்.
திரும்பாமலே பேச ஆரம்பித்தார்.
‘பிற கருத்துகள்’ என்றொரு கட்டம் உண்டு,
நாற்பது எழுத்துக் கொள்ளும்.
தட்டினேன்:

தெளித்த இரவு முழுக்க இவருக்குக் கண் எரிந்தது விடிந்ததும் பார்த்

அதற்குமேல் விசை இறங்கவில்லை.
அவர் நிறுத்தவில்லை.
கடைசிவரை கேட்டேன், கோமி ஆறி ஏடு படியும்வரை.
அடுத்த பக்கத்துக்குப் போகலாமா என்றது திரை.
ஆம் என்றேன்.

விலை பத்து விழுக்காடு ஏறினாலும் வாங்குவீர்களா?
“வாங்காமல்?” என்றார் முர்த்தாஸ்.
‘கட்டாயம் வாங்குவேன்’ வட்டத்தை நிரப்பினேன்.
நன்றி சொல்லி, அவர் கைபேசிக்கு
ஐந்து லரி ஏற்றிவிட்டு, முப்பத்தொன்பதாவது வீட்டுக்கு நடந்தேன்.

பிப்ரவரியில் அறிக்கை வந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், நாலாயிரத்து ஐநூறு டாலர்,
உலகம் முழுவதும் ஐந்து நிறங்களில்.
‘வளர்ச்சிக்குத் துணைநிற்பவை’ என்ற தலைப்பில்
இரண்டாவது வரி: கேடயப் பூச்சி பரவுதல்.
‘அபாயங்கள்’ என்ற தலைப்பில்
முதல் வரி: கடுங்குளிர் வந்தால் பூச்சிகள் மடியக்கூடும்.
நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு நீலப் பட்டை.
அதன் உச்சியில் ஒரு மயிரிழை தடிமனுக்கு
முர்த்தாஸின் “வாங்காமல்?” இருக்கிறது,
கேள்விக்குறியை எடுத்துவிட்டு.

ஒன்பதாவது மாடி. ஹீட்டர் சூட்டுக்கு
என் கோட்டுக் காலரிலிருந்து ஏதோ ஊர்ந்து வந்து
மேசையில் விழுந்து நிமிர்ந்தது.
எத்தனை நாளாய் உடன் வந்ததோ.
நானூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டிருந்தோம்,
இதை ஒருவரும் கேட்கவில்லை.
குனிந்து மெதுவாக ஆரம்பித்தேன்:
உடனே நினைவுக்கு வரும் பெயர் எது?

உணர்கொம்பு இரண்டையும் உள்ளிழுத்துக்கொண்டது.

அதற்கு 99.
‘பதிலளிக்க மறுத்தார்’.
எங்கள் மொத்தக் கணக்கெடுப்பிலும்
நான் ஒரே ஒரு தடவை பயன்படுத்திய எண்.